பட்டத்துக்குப் பிறகும் ஒரு படிப்பு

பாலமுனையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். வயற்காணியை இழந்து இடம்பெயர்ந்த குடும்பம் அது. மூத்த மகள் பட்டதாரி, ஆசிரியராக விரும்புகிறார். "டிகிரி எடுத்தாச்சு. இனியும் என்ன படிப்பு மகள்?" என்று வாப்பா கேட்டார். அவருக்கு அடுத்த பிள்ளைகளின் செலவும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஆசிரியர் பயிற்சி இக்கரையோரத்துக்குப் புதிதல்ல. பக்கத்து அட்டாளைச்சேனையில் 1941ஆம் ஆண்டிலேயே ஆசிரியர் கலாசாலை தோன்றியது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யுத்தத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொடர முடியாமற்போன மாணவர்களுக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று அது. இடப்பெயர்வின் துன்பத்திலிருந்தே அதுவும் பிறந்தது.

ஆசிரியராவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உயர்தரம் சித்தியடைந்தபின் தேசிய கல்வியியற் கல்லூரியில் சேர்வது. அட்டாளைச்சேனையிலும் அப்படியொரு கல்லூரி உண்டு. இரண்டு ஆண்டுகள் கல்லூரியிலும், மூன்றாம் ஆண்டு பாடசாலையிலும் பயிற்சி நடக்கும்.

மற்றது பட்டதாரி வழி. வெற்றிடங்கள் அறிவிக்கப்படும்போது விண்ணப்பித்து, போட்டிப் பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் தோற்ற வேண்டும். வயதெல்லையும் உண்டு. நியமனம் கிடைத்தபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்க வேண்டும். திறந்த பல்கலைக்கழகம் இதைத் தொலைக்கல்வி முறையில் நடத்துவதால், சம்பளத்தை இழக்காமலே படிக்கலாம். பதவியுயர்வுக்கும் அது உதவும்.

அது ஏன் வேண்டும்? பட்டம் பாடத்தை அறியச் செய்கிறது. பிள்ளையை அறியச் செய்வதில்லை. கல்வி உளவியல், மதிப்பீடு, கற்பித்தல் முறைகள் ஆகியவற்றை டிப்ளோமா கற்பிக்கிறது. வகுப்பின் பின்வரிசையில் மேற்பார்வையாளர் அமர்ந்திருக்கப் பாடம் நடத்தவும் வேண்டும். அகதி முகாமில் இரண்டு வருடப் படிப்பை இழந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் வந்து அமர்ந்தால், அது எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்டறியத் தெரிந்த ஆசிரியர் வேண்டாமா? அந்தப் பிள்ளை நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. இடப்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் பலர். அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சமே. பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும், பட்டச் சான்றிதழின் பிரதியைப் படித்த பல்கலைக்கழகத்திலும், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் இப்போதே கேட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும் கேட்ட வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "விதைச்ச உடனே அறுக்கேலாதுதான்" என்றார். மகள் எழுந்து, தன் கடதாசிகளை எடுத்து வர உள்ளே போனார்.