மூன்று பென்னி வரியும் பதின்மூன்று நாடுகளும்

பினாங்குக்குச் செல்வோர் கடலோரத்தில் காணும் பழைய கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் கோட்டை என்று பெயர். பிரான்சிஸ் லைட் அத்தீவில் இறங்கிய 1786-ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தவர் கார்ன்வாலிஸ் பிரபு. திப்பு சுல்தானைச் சீரங்கப்பட்டணத்தில் 1792-ல் பணியவைத்தவர் என்று தமிழர் அவரை அறிவர். அதற்கு முன்பே, 1781 அக்டோபரில், அமெரிக்காவில் யார்க்டவுன் என்னுமிடத்தில் தம் படையோடு ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தவரும் அவரே. பலர் அறியாத இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் மேல் எவ்வகைச் சட்டமும் இயற்றும் உரிமை தனக்கு உண்டு என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1766-ல் ஒரு சட்டம் செய்தது. பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்து வாக்களித்தவர் ஐவரே. அவ்வைவருள் ஒருவர், அப்போது முப்பது வயதும் நிரம்பாத கார்ன்வாலிஸ். தாம் ஒப்பாத ஒரு கொள்கையை நிலைநாட்டவே பின்னர் வாளேந்திச் சென்று தோற்றார்.

அந்தச் சட்டத்தை விளங்கிக்கொள்ளாமல் அமெரிக்க விடுதலையை விளங்கிக்கொள்ள இயலாது. வரி ஏறிற்று, மக்கள் கொதித்தனர், தேயிலையைக் கடலில் கொட்டினர், விடுதலை பெற்றனர் என்று நான்கே வாக்கியத்தில் பாடம் முடிந்துவிடுவது வழக்கம். 'ஐயா, வரி எவ்வளவு ஏறிற்று?' என்று கூரிய மாணவன் ஒருவன் கேட்பானாயின் ஆசிரியர் பாடு சங்கடந்தான். ஏனெனில் தேயிலை வரி அப்போது ஏறவில்லை. பாஸ்டன் துறைமுகத்துக்கு 1773-ல் வந்த தேயிலை, முன்பு கம்பெனி விற்றதைவிட மலிவானது.

பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டனுக்குக் கனடா கிடைத்தது. கூடவே மலைபோன்ற கடனும் சேர்ந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியையேனும் அங்குள்ளோரே தரவேண்டும் என்று முதலமைச்சர் கிரென்வில் எண்ணினார். அது நியாயமற்ற எண்ணம் என்று சொல்வதற்கில்லை. அவர் 1765-ல் கொண்டுவந்த முத்திரைச் சட்டத்தின்படி வழக்குப் பத்திரம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு அனைத்துக்கும் முத்திரைத் தாள் வாங்க வேண்டும். எழுதுவோர், அச்சிடுவோர், வழக்காடுவோர் ஆகிய மூவகையினரையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை!

குடியேறியோர் எழுப்பிய வாதம் எளியது. வரி என்பது மக்கள் மனமுவந்து அளிக்கும் கொடை. அதனை அளிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கே உரிமை உண்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் அமெரிக்கப் பிரதிநிதி ஒருவரும் இல்லை. லண்டனார் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தனர். மான்செஸ்டரும் பர்மிங்காமுந்தான் உறுப்பினரை அனுப்பவில்லை. அவ்வூரார் வரி கொடுக்கவில்லையா? ஒவ்வோர் உறுப்பினரும் பேரரசு முழுமைக்கும் பிரதிநிதியே என்றனர். மறுமொழி சாமர்த்தியமானது. ஆனால் மான்செஸ்டர்க்காரன் கொடுக்கும் வரியை உறுப்பினரும் கொடுக்கிறார். அமெரிக்கன்மேல் போடும் வரி உறுப்பினரின் சுமையைக் குறைக்கிறது. அந்த வேற்றுமையை அவர்கள் காண விரும்பவில்லை.

கலகமும் கடையடைப்பும் மிகவே, 1766 மார்ச்சில் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது. பணிந்துவிட்டோம் என்று பிறர் எண்ணாதிருக்க அதே நாளில் இயற்றப்பட்டதே, கார்ன்வாலிஸ் எதிர்த்த அந்த உரிமைச் சட்டம். அடுத்த ஆண்டு டவுன்ஷெண்டு என்னும் நிதியமைச்சர் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை இவற்றின்மேல் இறக்குமதி வரி போட்டார். மீண்டும் எதிர்ப்பு, மீண்டும் பின்வாங்கல். தேயிலை வரியையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று 1769 மே மாதத்தில் அமைச்சரவை ஆராய்ந்தது. எடுத்துவிடலாம் என்றோர் நால்வர்; வைத்திருப்போம் என்றோர் ஐவர். உரிமைக்கு அடையாளமாக இராத்தலுக்கு மூன்று பென்னி நிலைத்தது. ஒரு வாக்கு மாறியிருப்பின் வரலாறு எவ்வழிச் சென்றிருக்குமோ!

இந்த இடத்தில் இந்தியா கதைக்குள் நுழைகிறது. வங்காளத்தைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1770-ஆம் ஆண்டின் கொடும்பஞ்சத்துக்குப் பின் கடனில் மூழ்கியது. அதன் லண்டன் கிடங்குகளில் சீனத்திலிருந்து வந்த தேயிலை ஏறத்தாழ 170 லட்சம் இராத்தல் விற்காமல் கிடந்தது. (அசாமிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள் தோன்றப் பல்லாண்டு இருந்தன.) கம்பெனியைக் காப்பாற்ற நார்த் பிரபுவின் அரசு 1773-ல் தேயிலைச் சட்டம் செய்தது. பிரிட்டனில் கட்டிய தீர்வை திருப்பித் தரப்படும். கம்பெனி தானே அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்து, தான் பொறுக்கிய முகவர்களிடம் விற்கலாம். விலை இறங்கிற்று. மூன்று பென்னி மட்டும் அப்படியே நின்றது.

மலிவுதான் ஆபத்து என்று அமெரிக்கத் தலைவர்கள் கண்டனர். வாங்கிக் குடித்தால் வரி கட்டியதாகும். கட்டினால் உரிமையை ஒப்புக்கொண்டதாகும். பென்சில்வேனியா வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன், இக்கம்பெனி ஆசியாவில் என்ன செய்தது என்று பாருங்கள், வங்காளத்துப் பட்டினிச் சாவுகளை எண்ணுங்கள் என்று அவ்வாண்டே புனைபெயரில் எழுதினார். கங்கைக்கரை மக்களின் துயர் பிலடெல்பியாவில் ஓர் அரசியல் வாதமாயிற்று. இது கொள்கைவாதம் மட்டும் என்று கொள்ளற்க. ஒல்லாந்தரிடம் தேயிலை வாங்கிக் கள்ளக் கடத்தல் செய்து பெருத்த வணிகர்களுக்கும் மலிவுத் தேயிலை எமனாகவே தோன்றிற்று. கொள்கையும் ஆதாயமும் ஒரே படகில் ஏறின.

பாஸ்டனில் அப்படகைச் செலுத்தியவர் சாமுவேல் ஆடம்ஸ். அவர் முன்னாளில் நகரின் வரித்தண்டலர். வரியைச் சரியாய்த் தண்டாமல் பெரும்பாக்கி வைத்தவர். சொந்தத் தொழிலில் தேறாத அவருக்கு அரசியல் கைவந்த கலை. ஊருக்கு ஊர் செய்தி போக்குவரத்து நடத்தக் கடிதத் தொடர்புக் குழுக்களை 1772-ல் அமைத்தார். தந்தியும் இருப்புப்பாதையும் இல்லாத காலத்தில், ஓர் ஊரின் குறையை எல்லா ஊரின் குறையாக்கிய கருவி அதுவே. அவருக்கு எதிரே நின்றவர் கவர்னர் ஹட்சின்சன். அவரும் பாஸ்டனில் பிறந்தவர். முத்திரைச் சட்டத்தை உள்ளூர விரும்பாதவர். ஆயினும் சட்டம் சட்டமே என்று நின்றமையால் 1765-ல் அவர் மாளிகையைக் கூட்டம் சூறையாடியது. கம்பெனியின் முகவர்களாய் 1773-ல் அமைந்தவர்களுள் அவர் புதல்வர் இருவரும் இருந்தனர்.

முதற்கப்பல் வந்து இருபது நாளில் தீர்வை கட்டாவிடில் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். தேயிலையைத் திருப்பி அனுப்ப மக்கள் கேட்டனர். தீர்வை கட்டாமல் கப்பல் வெளியேறாது என்றார் ஹட்சின்சன். கெடு முடிவதற்கு முன்னிரவு, 1773 டிசம்பர் 16 அன்று, செவ்விந்தியர் வேடம் பூண்டோர் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையை நீரில் கொட்டினர்.

லண்டன் சினந்தது. பாஸ்டன் துறைமுகம் 1774 ஜூன் முதல் மூடப்பட்டது; மாசசூசெட்ஸ் மக்களின் ஆட்சியுரிமைகள் சுருக்கப்பட்டன. ஓர் ஊரைத் தண்டித்தால் மற்றவை அஞ்சும் என்பது கணக்கு. கணக்குத் தவறிற்று. தென்பகுதியிலிருந்து அரிசியும் அயல்நாடுகளிலிருந்து ஆட்டு மந்தையும் பாஸ்டனுக்கு வந்தன. செப்டம்பரில் பன்னிரண்டு நாட்டுப் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினர்.

அக்காங்கிரசில் பிரிவினை கோரியோர் மிகச் சிலர். பென்சில்வேனியத் தலைவர் கேலொவே, பாராளுமன்றத்தோடு இணைந்து இயங்கும் ஓர் அமெரிக்கப் பேரவை வேண்டும் எனத் திட்டம் தந்தார். ஆறு நாடுகளுக்கு ஐந்து என்ற கணக்கில் அது ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியோரும் பேரரசுக்குள்ளேயே இருக்க விரும்பினர். அவர்கள் உருவாக்கிய கொள்கை நுட்பமானது: எமக்கும் பாராளுமன்றத்துக்கும் தொடர்பில்லை, எமக்கு எம் சட்டசபைகள் உண்டு, மன்னர் ஒருவரே இருசாராரையும் இணைக்கும் கயிறு. இப்போது மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தம் அமைச்சர்களைக் கைவிட்டுக் குடிகளைக் காப்பார் என்று நம்பினர். பிற்காலத்தார் தீட்டிய கொடுங்கோலர் படம் அவருக்குப் பொருந்தாது. பாராளுமன்றத்தின் மேலாண்மையைக் காப்பதே அரசியலமைப்பைக் காப்பது என்று உறுதியாய் நம்பிய மன்னர் அவர். அந்த உறுதியே கயிற்றை அறுத்தது.

லெக்சிங்டனில் 1775 ஏப்ரல் 19-ல் துப்பாக்கி வெடித்த பிறகும் டிக்கின்சன் மன்னருக்கு ஒரு சமாதான விண்ணப்பம் எழுதினார். ஜூலையில் காங்கிரஸ் உறுப்பினர் கையெழுத்திட்டனர். வீண்வேலை என்று முணுமுணுத்த ஜான் ஆடம்சும் ஒப்பமிட்டார். மன்னர் அதனை ஏற்க மறுத்தார். அமெரிக்கர் கலகக்காரர் என்று ஆகஸ்டு 23-ல் பிரகடனம் செய்தார்.

பெஞ்சமின் பிராங்க்ளின் மனம் மாறியது இதற்கும் முன்பே. பல்லாண்டு லண்டனில் வாழ்ந்து, பேரரசை உடையாத பாண்டமாகக் காக்க முயன்றவர் அவர். ஹட்சின்சனின் அந்தரங்கக் கடிதங்களைப் பாஸ்டனுக்கு அனுப்பிய குற்றத்துக்காக 1774 ஜனவரியில் பிரிவி கவுன்சிலின் முன் அவரை நிறுத்தி, அரசு வழக்கறிஞர் வெடர்பர்ன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வசைபாடினார். பிரபுக்கள் சிரித்தனர். அறுபத்தெட்டு வயதுக் கிழவர் வாய் திறவாமல் நின்றார். மறுநாட்களில் அஞ்சல் துறைப் பதவியும் பறிபோயிற்று. பேரரசின் மிகப்பெரிய நண்பர் ஒருவரைப் பேரரசே பகைவராக்கிக்கொண்டது. நியூஜெர்சியில் மன்னரின் கவர்னராயிருந்த அவர் மகன் வில்லியமோ இறுதிவரை மன்னர் பக்கமே நின்று 1776-ல் சிறைப்பட்டார். தந்தையும் மகனும் பின்னர் மனமொத்து வாழவில்லை.

அவ்வாண்டு ஜனவரியில் தாமஸ் பெயின் வெளியிட்ட சிறுநூல், யாரும் தொடத் துணியாத மன்னரையே தாக்கிற்று. இவரும் முன்பு இங்கிலாந்தில் வரித்துறைப் பணியாளர்! அவருக்கு முன்பே வர்ஜீனியக் கவர்னர் டன்மோர், கலகக்காரரின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என 1775 நவம்பரில் அறிவித்திருந்தார். தயங்கிய தோட்ட முதலாளிகள் பலர் அதன்பின் தயங்கவில்லை.

தாமஸ் ஜெபர்சன் வரைந்த சுதந்திர அறிக்கையை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பத்தாண்டுச் சண்டை முழுதும் பாராளுமன்றத்தோடு நடந்தது. அறிக்கையிலோ பாராளுமன்றம் என்னும் சொல்லே இல்லை. குற்றச்சாட்டெல்லாம் மன்னர்மீதே. இல்லாத கயிற்றை அறுக்க முடியாது. அவர்கள் கொள்கைப்படி எஞ்சியிருந்த கயிறு மன்னர் ஒருவரே. நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைய ஜெபர்சன், அடிமை வணிகத்துக்காகவும் மன்னரைச் சாடியிருந்தார். தென்கரோலினாவும் ஜார்ஜியாவும் மறுக்கவே அப்பகுதி நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிமைகளைப் பற்றி அறிக்கை வாய்மூடிற்று.

பிரிவினைத் தீர்மானம் ஜூலை 2-ல் வாக்குக்கு வந்தபோது டிக்கின்சன் அவைக்கு வரவில்லை. அவர் வராமையால்தான் பென்சில்வேனியாவின் வாக்கு தீர்மானத்தின் பக்கம் சாய்ந்தது. அறிக்கையில் அவர் கையெழுத்தும் இல்லை. ஆனால் சில நாட்களில் படையோடு புறப்பட்டுப் போர்முனைக்குச் சென்றார்.

பிரெஞ்சு அரசு 1778-ல் அமெரிக்கருடன் உடன்படிக்கை செய்ததும் லண்டன் விழித்தது. குடியேற்ற நாடுகளின்மேல் இனி வருவாய்க்காக வரி விதிப்பதில்லை என்று பாராளுமன்றமே சட்டம் செய்து, சமாதானத் தூதரையும் அனுப்பிற்று. சுதந்திரத்தை ஏற்றாலொழியப் பேச்சில்லை என்று காங்கிரஸ் அவர்களைத் திருப்பிவிட்டது. யார்க்டவுனில் படைக்கலங்களை ஒப்படைக்கும் நாளன்று கார்ன்வாலிஸ் உடல்நலமில்லை என்று கூறித் தாம் வராமல் துணைத்தளபதியை அனுப்பினார். மூன்று பென்னி வரி அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எடுபட்டிருந்தது.