மூன்று முறை சொல்லும் சொல்

புத்தரிடம் முதன்முதலில் சரணம் புகுந்தவர்கள் துறவிகள் அல்லர், வழியே போன வணிகர்கள். தபுஸ்ஸர், பல்லிகர் என்ற அந்த இருவரும், ஞானம் பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த புத்தருக்கு மாவும் தேனும் படைத்து வணங்கினார்கள் என்கிறது பாலி விநயப் பிடகம். அவர்கள் சொன்ன சரணங்கள் இரண்டுதான். புத்தர் இருந்தார், தம்மம் இருந்தது. சங்கம் இன்னும் பிறக்கவில்லை. பிறகு காசியில், புத்தரிடம் போயிருந்த மகன் யசனைத் தேடிவந்த தந்தை மூன்று சரணங்களையும் சொன்ன முதல் இல்லறத்தார் ஆனார். வணிகர்கள் தங்கள் வழியே போனார்கள். தந்தை இல்லறத்திலேயே இருந்தார்.

சரணம் என்றதும் நம் காதில் விழுவது சபரிமலைப் படியேறும் பக்தரின் குரல். அங்கே காக்க ஒரு கடவுள் உண்டு. பௌத்தத்தின் சரணம் வேறு வகை. புத்தர் வழிகாட்டி, தம்மம் வழி, சங்கம் வழித்துணை. நடக்க வேண்டியவர் சரணம் சொன்னவர்தான். அதனால்தான் அதைத் தொடர்ந்து பஞ்சசீலம் வருகிறது: கொல்லாமை, திருடாமை, முறையற்ற காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, மது தவிர்த்தல். ஐந்தையும் யாரும் கட்டளையாக இடுவதில்லை. ‘பயிற்சியாக ஏற்கிறேன்’ என்று சொல்பவரே சொல்லிக்கொள்கிறார்.

ஒவ்வொரு சரணத்தையும் மூன்று முறை சொல்ல வேண்டும். ஒரு நாளோடு முடிந்துவிடுவதும் இல்லை. இலங்கை விகாரைகளில் பிறவியிலேயே பௌத்தர்களானவர்களும் பௌர்ணமி நாளான போயா தினந்தோறும் அதே சொற்களைப் புதிதாகச் சொல்கிறார்கள்.

தமிழுக்கும் இந்தச் சொற்கள் பழையவை. காஞ்சியில் அறவண அடிகளிடம் மணிமேகலை புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளையும் சரணடைந்ததைச் சொல்லியே சாத்தனாரின் காப்பியத்தில் கடைசிக் காதை தொடங்குகிறது. 1898-இல் அயோத்திதாசர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார்; திரும்பிவந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அந்த வட்டத்தில் இயங்கிய பேராசிரியர் லட்சுமி நரசு 1907-இல் பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1948-இல் அதை மறுபதிப்பாக, தம் முன்னுரையோடு கொண்டுவந்தவர் அம்பேத்கர்.

இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் 1935-இல் இயோலாவில் அறிவித்திருந்தார். அதற்கு 21 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் குசிநகரத்து முதிய பிக்கு சந்திரமணி முன்னால் மனைவி சவிதாவுடன் நின்று சரணமும் சீலமும் ஏற்றார். அடுத்து நடந்ததுதான் புதுமை. பிக்கு அல்லாத அம்பேத்கரே திரும்பி நின்று, வெள்ளுடையில் திரண்டிருந்த லட்சக்கணக்கானோருக்குச் சரணங்களைச் சொல்லிக்கொடுத்தார்.

அவற்றோடு 22 உறுதிமொழிகளையும் சேர்த்தார். பழைய தெய்வங்களை வணங்கமாட்டேன், சிராத்தம் செய்யமாட்டேன், மனிதர் அனைவரும் சமம் என்று நம்புகிறேன் என்று அவை நீள்கின்றன. பாலி நூல்களில் இந்தப் பட்டியல் கிடையாது. ஆனால் தீண்டாமையைச் சுமந்தவருக்கு எங்கே போகிறோம் என்பதோடு, எதைவிட்டு வெளியேறுகிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்வது தேவையாக இருந்தது. யசனின் தந்தைக்கு அந்தத் தேவை இருக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி அம்பேத்கர் மறைந்தார். 1951 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சமாக இருந்த இந்திய பௌத்தர்கள் 1961-இல் 32 லட்சத்தைத் தாண்டினார்கள்.

அப்படித் தம்மை பௌத்தர் என்று பதிந்ததற்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி, பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கே உரியதாக இருந்தது. 1956-இல் சீக்கியர்களுக்கும் விரிந்தது. பௌத்தர்களுக்கு அது கிடைத்தது 1990-இல்தான். அந்த 34 ஆண்டுகளும், சான்றிதழில் ‘பௌத்தர்’ என்று இருந்தால் மத்திய அரசின் இட ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். தெருவிலோ பழைய சாதிப் பார்வை அப்படியே தொடர்ந்தது.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 84 லட்சம் பௌத்தர்கள். அவர்களில் சுமார் 65 லட்சம் பேர் மகாராஷ்டிரத்தில். அங்கே அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஓமம் வளர்ப்பதில்லை. புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் மாலையிட்டு, மெழுகுவத்தி ஏற்றி, மணமக்கள் வெள்ளையுடுத்தி நிற்கிறார்கள். பெரியவர்கள் சரணங்களைத் தொடங்க, பாலி தெரியாத குழந்தைகளும் கூடவே சொல்கிறார்கள். மூன்றாம் முறை வரும்போது அவர்கள் குரல்தான் உரக்கக் கேட்கிறது.