பெட்டியின் முகத்துணியைக் கழற்றலாமா?

சங்கீதப் பெட்டி வாங்கிய வீடுகளில் முதல் வாரத்திலேயே ஒரு சர்ச்சை கிளம்பிவிடுகிறது. ஒலிபெருக்கியின் முகத்தில் ஒரு துணிச் சட்டம் மாட்டியிருக்கிறதல்லவா? கற்றவர்கள் அதைக் கிரில் என்கிறார்கள். கடைத்தெருவில் அதற்கு நெட் என்று பெயர். அதைக் கழற்றிவிட்டுப் பாட்டுக் கேட்பதா, மாட்டியபடியே கேட்பதா என்பதுதான் வழக்கு. கழற்றினால்தான் நாதம் துலங்கும் என்று வீட்டுக்காரர் சாதிப்பார். கழற்றினால் பெட்டி கண்ணை உருட்டி விழிக்கிறது என்று வீட்டம்மாள் ஆட்சேபிப்பார். வேலூரிலும் ஆம்பூரிலும் நாம் போய்வரும் இல்லங்கள் சிலவற்றில் இவ்வழக்கு ஆண்டுக்கணக்காக வாய்தாவில் இருக்கிறது.

வழக்கு புதிதன்று. 1906-ஆம் வருஷம் அமெரிக்காவில் வெளிவந்த விக்ட்ரோலா என்னும் கிராமபோனில் புனலைப் பெட்டிக்குள்ளே மறைத்து, அதன் வாயிலில் சிறு கதவுகள் அமைத்தார்கள். சத்தம் அதிகம் என்று தோன்றினால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியது! 1938 ஜூன் 16-ஆம் தேதி சென்னை வானொலி நிலையம் திறக்கப்பட்ட பிறகு நம் பக்கத்து வீடுகளுக்கு வந்த ரேடியோக்களில், துணி பெரும்பாலும் பெட்டியோடு பெட்டியாக ஒட்டியே இருந்தது. ஆகவே கழற்றும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

தோல் பதனிட்டு வாழும் நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு அமெரிக்கர்கள் 1925-ல் விவரித்த ஒலிபெருக்கியே இன்றைய பெட்டிகளுக்கெல்லாம் பாட்டன். அந்த வழியில் வந்த ஆரம்ப காலத்து ஒலிபெருக்கிகள் பலவற்றில், காகிதக் கூம்பு தங்குதடையின்றி அசைவதற்காக அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய தோலையே ஒட்டினார்கள். மிருதங்கத்துக்கு மாத்திரமே தோல் வேண்டும் என்று எண்ணியிருந்தோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். விநாடிக்கு 100 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலை சுமார் 3.4 மீட்டர் நீளமுள்ளது. அதற்கு ஒரு துணியும் சட்டமும் ஒரு பொருட்டல்ல. 10,000 அதிர்வுள்ள கூர்மையான ஒலிக்கோ அலை நீளம் 3.4 சென்டிமீட்டர்தான். சட்டத்தின் கனமும் ஏறக்குறைய அந்த அளவை நெருங்குவதால், அவ்வொலி சட்டத்தின் விளிம்பில் மோதிச் சிதறி, நேரே வரும் ஒலியோடு கலந்து அதைச் சிறிது கெடுக்கிறது. நல்ல பெட்டிகளில் துணியைவிடச் சட்டமே பெரிய குற்றவாளி.

அப்படியானால் கழற்றிவிடுவதுதானே என்பீர்கள். பொறுங்கள். பிபிசி நிறுவனத்தார் 1970-களில் தங்கள் ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு பெட்டியை அமைத்தபோது, முகத்துணியையும் கணக்கில் சேர்த்தே அதன் நாதத்தைச் செப்பஞ்செய்தார்கள். அதைக் கழற்றினால் கெடுதலே. வேறு பல கம்பெனியார் துணியின்றிக் கேட்பதையே உத்தேசித்துச் செய்கிறார்கள். ஆகவே பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தை, பழைய காகிதக்காரனுக்குப் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை படித்துப் பார்த்தல் நலம்.

நமக்கு இதில் அக்கறை பிறந்தது ஆம்பூரில் நம் மாணாக்கன் ஒருவனுடைய இல்லத்தில். அவன் தந்தை பாதரட்சைத் தொழிற்சாலையில் தோல் வெட்டுபவர். பழைய ஜோடிப் பெட்டிகளை மலிவாக வாங்கியவர், கிழிந்திருந்த முகத்துணியை எடுத்துவிட்டு, காலணிக்கு உட்புறம் வைக்கும் லைனிங் துணியில் கழிந்த துண்டை வெகு நேர்த்தியாக இழுத்துக் கட்டியிருந்தார். பார்வைக்குப் பிரமாதம். ஆனால் அவருடைய தாயார், எழுபது வயதைக் கடந்தவர், நாகூர் ஹனீபாவின் பாட்டை அன்றாடம் கேட்டு வந்தவர், சில மாதமாகப் பாட்டு வைக்கச் சொல்வதையே நிறுத்திவிட்டாராம். "குரல் கேட்குது, வார்த்தை வரலே" என்றார் அம்மையார். காது போய்விட்டது என்று வீட்டார் தீர்மானித்துவிட்டார்கள். அவரும் அதை ஒப்புக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் துணியை வாயருகே பிடித்து ஊதச் சொன்னோம். மூச்சு மறுபக்கம் போகவில்லை. நெருக்கமான நெசவு, அதன்மேல் பசைப்பூச்சு வேறு. இத்தகைய துணியில் உயிரெழுத்துக்கள் ஒருவாறு தப்பி வந்துவிடும். மெய்யெழுத்துக்களில் ச, ஸ, ஷ முதலியவை சிக்கிக்கொள்ளும். ஏனெனில் அவற்றின் ஒலி மிகவும் மேலே இருக்கிறது. முதுமையில் முதலில் மங்குவதும் அந்த மேல் ஒலிகளே. இருந்த கொஞ்சத்தையும் துணி விழுங்கிவிட்டது. சட்டத்தைக் கழற்றி அதே பாட்டை அதே அளவில் வைத்தபோது, அம்மையார் இரண்டாவது அடியில் தாமும் வாயசைத்தார். காதில் குறை இல்லாமலில்லை. வைத்தியரிடம் காட்டவே சொன்னோம். ஆயினும் பாதிக் குற்றம் துணியினுடையது.

ஆகையால் நம் தீர்ப்பு இது. புத்தகம் வாய்திறக்காவிட்டால் நீங்களே சோதியுங்கள். கஞ்சிராவின் சலங்கையோ வீணையின் மீட்டோ தெளிவாக ஒலிக்கும் பதிவு ஒன்றை வைத்து, உட்கார்ந்த இடம் மாறாமல், மற்றொருவரைக் கழற்றியும் மாட்டியும் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொள்வது முக்கியம். வித்தியாசம் தெரியாவிட்டால் மாட்டியே வைத்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தால் கேட்கும் நேரத்துக்கு மட்டும் கழற்றுங்கள். நடமாடும் குழந்தை உள்ள வீட்டிலோ, சங்கீத ஞானம் எவ்வளவு இருப்பினும், கழற்றவே வேண்டாம். மேலே இருக்கும் சிறு குமிழ் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டு அல்லது மெல்லிய உலோகம். ஒரு பிஞ்சு விரல் போதும், அது குழிந்துபோக.

துணி கிழிந்திருந்தால் ஒலிபெருக்கிக்கென்றே விற்கும் துணியைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காத பட்சத்தில், ஊதினால் மூச்சு தாராளமாகப் போகும் மெல்லிய துணி எதுவும் உதவும். பழைய பெட்டிகள் சிலவற்றின் முகம் துணியாக இராமல் நுரைப்பஞ்சாக இருக்கும். அது நம் வெயிலில் சில வருஷங்களில் உதிர்ந்து பொடியாகிக் கூம்பின்மேல் படியும். அதை உடனே எடுத்துவிட வேண்டும். தூசியை மிருதுவான தூரிகையால் மெள்ளத் தட்டலாம். தூசி உறிஞ்சும் யந்திரத்தை மட்டும் அந்தக் குமிழின் அருகே கொண்டுபோகாதீர்கள்.