பழைய பிலிமுக்கு 24 பிட்டா, 48 பிட்டா?

நம்மில் பலர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கும். அதற்குள் நெகட்டிவ் துண்டுகளும், அட்டைச் சட்டமிட்ட சிலைடுகளும் கிடக்கும். இடிக்கப்பட்ட லயத்து வீடு, செம்பனை வருமுன் நின்ற பால்மரக் காடு, தீமிதித் திருவிழா, மறைந்த தாத்தாவின் முகம் எல்லாம் சில குடும்பங்களுக்கு அந்தத் தகரத்தில் மட்டுமே மிஞ்சியுள்ளன.

அவற்றை ஸ்கேன் செய்யக் கடைக்குக் கொண்டுபோனால், "24 பிட்டா, 48 பிட்டா?" என்று கேட்கக்கூடும். என்ன பதில் சொல்வது?

ஸ்கேனர், பிலிமின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற ஒளியும் எவ்வளவு ஊடுருவி வருகின்றன என்று அளக்கிறது. அந்த அளவுகோலில் எத்தனை படிகள் உண்டு என்பதையே பிட் குறிக்கிறது. ஒரு நிறத்துக்கு 8 பிட் என்றால் 256 படிகள். மூன்று நிறமும் சேர்ந்து 24 பிட். ஒரு நிறத்துக்கு 16 பிட் என்றால் 65,536 படிகள். மொத்தம் 48 பிட்.

பார்ப்பதற்கு மட்டுமானால் 24 பிட் போதும். சிக்கல் எழுவது படத்தைத் திருத்தும்போதுதான்.

பால் நிறுக்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். அது முழுக் கிலோவை மட்டுமே காட்டுமானால், 12 கிலோ 100 கிராமும், 12 கிலோ 400 கிராமும் ஒன்றாகவே கணக்கில் ஏறும். பிறகு கணக்குப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அந்த 300 கிராம் வேறுபாடு கிடைக்காது. பிட் கணக்கும் அப்படியே. 24 பிட்டில் எடுத்ததைப் பின்னால் 48 ஆக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, விட்டுப்போன சாயல் திரும்பாது.

கலர் நெகட்டிவில் ஆரஞ்சு நிறம் படிந்திருக்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடும் குறுகியிருக்கும். 256 படிகளில் ஒரு நிறம் 64 படிகளுக்குள் அடங்கிவிட்டதாகக் கொள்வோம். அதை முழுப் படமாக விரிக்கும்போது அந்த 64 படிகளே 256 படிகளின் இடத்தை நிரப்ப வேண்டும். இடையில் வெற்றிடம் விழும். வானம் பட்டை பட்டையாகத் தெரியும். முகத்தின் நிழல் திட்டுத் திட்டாகும். சாயம் மங்கிச் சிவப்பேறிய சிலைடுக்கும் இதே கதிதான்.

ஆகவே நெகட்டிவுக்கும் மங்கிய சிலைடுக்கும் 48 பிட் கேளுங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு 16 பிட் சாம்பல் நிறம் போதும். நிறம் கெடாத சிலைடைப் பார்த்து மகிழ மட்டும் எடுப்பதானால் 24 பிட்டே போதுமானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் நிறத்துக்கு 8 பிட்டுக்கு மேல் நிற்காது. 48 பிட்டைக் காக்க டிஃப் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். அது இடம் பிடிக்கும். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு படத்தை அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் எடுத்தால், 24 பிட்டில் ஏறத்தாழ 23 மெகாபைட். 48 பிட்டில் 46. திருத்தி முடித்தபின் உறவினர்களின் கைப்பேசிக்கு அனுப்ப ஜேபெக் நகல் ஒன்று செய்துகொள்ளலாம். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள்.

பிட் கூடினால் படம் கூர்மையாகும் என்று எண்ணிவிட வேண்டாம். கூர்மை வேறு, நிறப் படிகள் வேறு.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவை எறிந்துவிடாதீர்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் பிலிமில் பூஞ்சணம் பிடிக்கும், சாயமும் ஆண்டுக்கு ஆண்டு மங்கும். அதனால் ஈரமில்லாத இடத்தில் அதைப் பாதுகாப்பதோடு, ஸ்கேன் செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள். எடுப்பதை ஒருமுறையே நிறைவாக எடுத்துவிட்டால், தாத்தாவின் முகத்தைப் பேரப்பிள்ளைகளும் தெளிவாகக் காண்பார்கள்.