காதுக்கு முன்னால் ஒரு நோவு

காதுவலி, தலையிடி என்று சொல்லும் சகோதரிகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "காலையில் எழும்பும்போது தாடை நோகிறதா?" பலர் ஓம் என்கிறார்கள்.

காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. மனச்சுமை உள்ளவர்கள் நித்திரையில் தம்மையறியாமல் பல்லை இறுகக் கடிப்பதுண்டு. அதனால் தசைகள் களைத்து, நோவு காது, நெற்றிப்பொட்டு, கழுத்து வரை பரவலாம். யுத்தம் 2009இல் முடிந்தும், காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்க்கு மனச்சுமை முடியவில்லையே.

நித்திரையில் நாக்கும் கீழ்த்தாடையும் பின்சரிந்தால் மூச்சுப்பாதை ஒடுங்கும். பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்றுபோதல், பகலில் தூங்கி விழுதல் இதன் அறிகுறிகள். இது தாடை நோவிலிருந்து வேறான நோய். ஆனால் இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். கவனிக்காவிட்டால் இரத்த அழுத்தம் கூடும். வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தாடை நோவுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுங்கள். சில நாட்கள் மெதுவான உணவு உண்ணுங்கள். உதடுகள் மூடியிருந்தாலும் பற்கள் ஒன்றையொன்று தொடாதிருக்கட்டும். பெரும்பாலும் இவற்றாலேயே குறையும். வாய் திறக்க முடியாவிட்டாலோ, தாடையில் பழைய காயம் இருந்தாலோ அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

"என்ர நோவு பெரிசில்லை" என்று பொறுத்திருக்காதீர்கள், சகோதரிகளே. குடும்பத்தைச் சுமக்கும் உங்கள் உடம்புக்கும் கவனிப்பு வேண்டும்.