எலும்பு ஏற்கும் உலோகம்

தேய்ந்த இடுப்பு மூட்டை அகற்றி உலோக மூட்டைப் பொருத்தும்பொழுது, அதன் தண்டுப் பகுதியைத் தொடை எலும்பின் உட்குழிவில் இறுகச் செருகுவர். அத்தண்டு பல்லாண்டுகள் அசையாது நிற்றல் வேண்டும். அதுவே அரிய செயல்.

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாது இயங்குகின்றன. உள்ளே வைக்கப்படும் துருப்பிடிக்காத எஃகை உடல் அயற்பொருளாகக் கருதி, அதனைச் சுற்றி நார்த்திசு உறையொன்றை எழுப்புகிறது. உறை தடித்தால் ஒவ்வோர் அடி வைக்கும்பொழுதும் தண்டு அசையும், வலி மிகும், முதிய வயதில் மீண்டும் அறுவை மருத்துவம் செய்ய நேரிடும். 1960களில் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி, எலும்புக்கும் உலோகத்திற்கும் இடையே அக்ரிலிக் சிமெண்டை நிரப்பி இச்சிக்கலைப் பெரிதும் தணித்தார். எனினும் அச்சிமெண்ட் இடைவெளியை நிரப்பி இறுக்குமேயன்றி எலும்புடன் ஒன்றாவதில்லை.

எலும்புடன் வேதிப்பிணைப்பே கொள்ளும் பொருள் உண்டா? 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி இதற்கு விடை தந்தது. சிலிக்காவுடன் சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள் கலந்த அக்கண்ணாடியை எலிகளின் தொடை எலும்பில் பதித்தனர். ஆறு வாரங்கள் கழித்துப் பிரிக்க முயன்றபொழுது அதனை அசைக்க இயலவில்லை! உடல்நீர்மம் பட்ட அதன் மேற்பரப்பில் எலும்பின் கனிமத்தை ஒத்த படலம் தோன்றி, எலும்பு அதனைப் பற்றிக்கொண்டது.

அக்கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட்டை நேரே உலோகத்தின்மீது பூசுவது அடுத்த முயற்சி. தனித்து நின்றால் அப்பொருள் எளிதில் நொறுங்கும். எனவே உடற்பாரத்தைத் தாங்கும் பணி டைட்டானியத்திற்கு உரியதாயிற்று. 1985ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவர் ரொனால்ட் ஃபர்லாங் இத்தகைய பூச்சுடைய இடுப்பு மூட்டை நோயாளிக்குப் பொருத்தினார்.

பல்லாயிரம் பாகை வெப்பமுடைய பிளாஸ்மாச் சுடரில் கனிமத் துகள்களைச் செலுத்த, அவை உருகி விரைந்து சென்று உலோகத்தில் படிகின்றன. பூச்சின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 150 மைக்ரோமீட்டர் வரை; தலைமுடியின் தடிமனே எனலாம். மிகத் தடித்தால் உரியும். மிக மெலிந்தால் எலும்பு வளர்ந்து பற்றுமுன்பே கரையக்கூடும். படியச் செய்யும் அதே வெப்பம் கனிமத்தின் ஒரு பகுதியைப் படிகத்தன்மை இழக்கச் செய்து, விரைவில் கரையும் பொருளாகவும் மாற்றிவிடுகிறது. இந்நுட்பத்தின் உண்மையான இடர்ப்பாடு இதுவே.

பூச்சு எத்துணைச் சிறந்ததாயினும், தொடக்க வாரங்களில் தண்டு மிகுதியாக அசைந்தால் அங்கு எலும்புக்கு மாறாக நார்த்திசுவே வளரும். ஆதலால்தான் மருத்துவர்கள் எலும்பின் உட்குழிவைத் தண்டின் வடிவத்திற்கேற்ப, அது இறுகப் பொருந்துமாறு செதுக்குகின்றனர்.