காலுக்கேற்ற செருப்பு

சென்ற சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பொறியியல் படிக்கும் மகனுடன் வந்திருந்த அன்பர் ஒருவர், "பீன்யாவில் இத்தனை வருஷமாக நீங்கள் என்னதான் வரைகிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பழுதான ரிமோட் ஒன்றைத் திறந்து பாருங்கள். உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கும். அதிலுள்ள சிறு சிறு உறுப்புகளின் கால்கள் செம்புத் திட்டுகளின்மேல் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தத் திட்டுக்கு 'பேட்' என்று பெயர். ஓர் உறுப்புக்குரிய எல்லாப் பேட்களும் சேர்ந்த அமைப்பே 'லேண்ட் பேட்டர்ன்'. காலுக்குச் செருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். காலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். விரல் நுனியிலும் குதிகாலிலும் ஈயம் ஏறி நிற்க இடம் இருந்தால்தான் பிடிப்பு உறுதியாகும்.

அளவுகளைத் தயாரிப்பாளரின் 'டேட்டா ஷீட்' தர வேண்டும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் போட்டுப் படம் தந்திருந்தால் கவலையில்லை. ஆனால் மின்சார விவரங்களைப் பக்கம் பக்கமாகக் கொடுத்துவிட்டு, உருவத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடும் ஷீட்களும் உண்டு. அப்படி ஒன்றில்தான் நான் சறுக்கினேன்.

எட்டுக் கால் மெமரி சிப் அது. எஸ்.பி. ரோடில் வாங்கியது. ஷீட்டில் '8 கால் எஸ்.ஓ.பி.' என்று மட்டுமே இருந்தது. நான் வழக்கமான குறுகிய வகை என்று நினைத்தேன். அதன் உடல் அகலம் 3.9 மி.மீ.; ஒரு பக்கக் கால் நுனியிலிருந்து மறுபக்க நுனிவரை 6 மி.மீ. பேட்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே 7.2 மி.மீ. வைத்து வரைந்தேன். வந்ததோ அகன்ற வகை. நுனிக்கு நுனி 7.9 மி.மீ.! இரண்டுக்கும் கால் இடைவெளி 1.27 மி.மீ.தான், எனவே போர்டில் வைத்தால் சிப் உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பாதத்திலும் ஏறக்குறைய பாதி வெளியே தொங்கியது.

ஈயம் பற்றும் அம்மா ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், அன்றே சொன்னார்: "சார், கால் ஓரத்துலதான் உக்காருது, பாருங்க." "ஒட்டுதில்லம்மா, அது போதும்" என்றேன். சோதனையில் எல்லாப் போர்டுகளும் தேறின. அதிரும் இயந்திரங்களில் பொருத்திய சில மாதங்களில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "பற்றவைப்பு சரியில்லை" என்று பழி அவர்மேல் விழுந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் விரிசல் விட்ட ஈயமும், என் வரைபடத்தின் குற்றமும் தெரிந்தன.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது.

முதலாவது, பெயரை நம்புவதில்லை. '0603' என்ற மின்தடை அங்குலக் கணக்கில் 1.6 x 0.8 மி.மீ.; மெட்ரிக் கணக்கில் அதே எண் 0.6 x 0.3 மி.மீ. எந்தக் கணக்கு என்று கேட்டறிய வேண்டும். படம் இருந்தால், அது மேலிருந்து பார்த்ததா, அடியிலிருந்து பார்த்ததா என்றும் கவனிக்க வேண்டும். தவறினால் இடம் வலமாகிவிடும்.

இரண்டாவது, பொருளையே அளப்பது. ஒன்றை அல்ல, ஐந்தாறை. வெர்னியர் காலிப்பரால் நுனிக்கு நுனி, பாத நீளம், பாத அகலம் மூன்றையும் குறிக்கிறேன். கால் இடைவெளியை அடுத்தடுத்த இரு கால்களுக்கிடையே அளப்பதில்லை. முதல் காலிலிருந்து கடைசிக் கால்வரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறேன். 1.27-ஐ 1.25 என்று எடுத்துவிட்டால், வரிசைக்கு இருபது கால் உள்ள கனெக்டரில் கடைசிக் கால் 0.38 மி.மீ. தள்ளிப்போகும்.

மூன்றாவது, கணக்கு. இதற்கு ஐ.பி.சி. அமைப்பு 2005-ல் வெளியிட்ட 7351 என்ற தரவிதி உதவுகிறது. அந்த அகன்ற சிப்பையே எடுத்துக்கொள்வோம். நுனிக்கு நுனி 7.7 முதல் 8.1 வரை, பாத நீளம் 0.5 முதல் 0.8 வரை. பெரிய அளவான 8.1-உடன் இருபுறமும் 0.35 கூட்டினால் வெளி விளிம்பு 8.8. சிறிய அளவான 7.7-லிருந்து இரு பாதங்களுக்கு 1.6-ம், குதிகால் ஈயத்துக்கு இருபுறமும் 0.35-ம் கழித்தால் உள் விளிம்பு 5.4. தோராயமான கணக்குத்தான், ஆனாலும் பெரிய பொருள், சிறிய பொருள் இரண்டும் இதில் அடங்கும்.

கடைசியாக, வரைந்ததைக் காகிதத்தில் அதே அளவில் அச்செடுத்து, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்து, உண்மையான பொருளை அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். அச்செடுக்க ஒரு காகிதம். பார்க்க ஐந்து நிமிஷம். ஷீட்டில் இல்லாமல் நானாக எடுத்த அளவை வரைபடத்திலேயே 'அளந்து எடுத்தது' என்று எழுதி வைக்கிறேன். பின்னால் பார்ப்பவர் அதைத் தயாரிப்பாளர் கொடுத்த அளவு என்று நம்பிவிடக் கூடாதல்லவா?

அந்த அம்மாவிடம், எல்லாரும் இருக்கும்போதே தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். இப்போது எந்தப் புதிய போர்டானாலும் முதல் போர்டு அவர் மேஜைக்குத்தான் போகிறது. அவர் "சரியா உக்காருது சார்" என்ற பிறகே மீதிக்கு ஆர்டர் கொடுக்கிறோம்.